பாடம் தொடங்கினால் ஒழுங்கு தொடங்கும்

2024ஆம் ஆண்டில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி எஸ்.எம்.சுப்பிரமணியம் முன்பாகச் சில மாத இடைவெளியில் இரண்டு விஷயங்கள் வந்தன. ஏப்ரல் மாதத்தில், பள்ளிகளில் குழந்தைகளை அடிப்பதையும் அவமானப்படுத்துவதையும் ஒழிப்பதற்காகத் தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் வகுத்த வழிகாட்டு நெறிமுறைகளைத் தமிழ்நாட்டில் முறையாக நடைமுறைப்படுத்த வேண்டும் என்று அவர் உத்தரவிட்டார். ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச் சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. அதையடுத்து ஜூலையில், அவரும் நீதிபதி சி.குமரப்பனும் கொண்ட அமர்வு அதே மாவட்டத்திலுள்ள கல்வராயன் மலை மக்களின் வாழ்நிலையைத் தாமாக முன்வந்து விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. சாலையும் மருத்துவமும் கல்வியும் மலைக்கு எந்த அளவுக்குப் போய்ச் சேர்ந்திருக்கின்றன என்று அரசிடம் கேட்டது. நீதிமன்றப் பதிவேட்டில் இவை தொடர்பில்லாத இரு வழக்குகள். அந்த மலையின் வெள்ளிமலையிலோ சேராப்பட்டிலோ இருக்கும் ஒரு வகுப்பறைக்குள் வைத்துப் பார்த்தால் இரண்டும் ஒரே இடத்தில் வந்து சேர்கின்றன. அடிக்காமல் ஒரு வகுப்பை எப்படி நடத்துவது என்று கேட்பவர்கள், அந்த வகுப்புக்கென்று ஓர் ஆசிரியர் தினமும் இருக்கிறாரா என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும். இரண்டாவது கேள்வியைத் தள்ளிவைத்துவிட்டு முதல் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது.

அடிக்கக் கூடாது என்பதில் சட்டம் தயங்கவில்லை. தமிழ்நாடு கல்வி விதிகளின் 51ஆவது விதி 2003இலேயே திருத்தப்பட்டு, திருத்துவது என்ற பெயரில் மாணவருக்கு உடல் வலியோ மன வலியோ தருவது தடுக்கப்பட்டது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தன் 17ஆவது பிரிவில் அதே தடையை நாடு முழுமைக்கும் விதித்தது. ஊரின் நம்பிக்கை வேறாக இருக்கிறது. ‘கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிடுங்க சார்’ என்று சொல்லிப் பிள்ளையை ஒப்படைக்கும் பெற்றோரை இன்றும் எல்லா ஊர்களிலும் பார்க்கலாம். ‘அடியாத மாடு படியாது’ என்ற பழமொழி ஆசிரியர் அறைகளில் இன்னும் வாதமாகவே முன்வைக்கப்படுகிறது. குழந்தைகள் உரிமை ஆணையம் 2009-10இல் ஏழு மாநிலங்களில் 6,632 மாணவர்களிடம் நடத்திய ஆய்வில், எந்தத் தண்டனையும் பெறாதவர்கள் ஒன்பதே பேர். நான்கில் மூவர் பிரம்படி வாங்கியிருந்தார்கள். அந்த ஆய்வில் என்னை அதிகம் உறுத்துவது இன்னொரு எண்: 81 சதவீதம் பேர், தங்களுக்குப் படிப்பு வராது என்று பள்ளியில் சொல்லக் கேட்டிருந்தார்கள். பிரம்பு தடுக்கப்பட்ட பிறகும் இந்தச் சொல் தடையின்றி நடமாடுகிறது. ‘உனக்கெல்லாம் எதுக்குடா படிப்பு’ என்ற ஒரு வரி உடம்பில் தழும்பு எதையும் விடுவதில்லை. எந்த விசாரணையிலும் அது சிக்குவதும் இல்லை.

தண்டனையை ஆதரிப்பவர்களின் வாதம் உண்மையில் அறம் சார்ந்தது அல்ல, பயன் சார்ந்தது. அடித்தால் வகுப்பு அமைதியாகிறது, அமைதியானால் பாடம் நடக்கிறது என்பதே அவர்கள் சொல்வது. ஆகவே அதைப் பயன் என்ற அளவுகோலாலேயே பார்க்க வேண்டும். அமெரிக்கக் கல்வி உளவியலாளர் ஜேக்கப் கூனின், ஆசிரியர் ஒரு மாணவரைக் கண்டிக்கும்போது எந்த விதமான கண்டிப்பு அதிகம் பலிக்கிறது என்பதைக் கண்டறியப் பல ஆண்டுகள் முயன்றார். கடுமையா, மென்மையா, தெளிவா, உறுதியா என்று பிரித்துப் பிரித்துப் பார்த்தார். வகுப்பறைகளை வீடியோவில் பதிவுசெய்து ஆராய்ந்த பிறகு 1970இல் வெளியிட்ட நூலில் அவர் வந்து சேர்ந்த முடிவு அவரே எதிர்பாராதது. ஒழுங்கான வகுப்புகளின் ஆசிரியர்களும் கலவரமான வகுப்புகளின் ஆசிரியர்களும், குறும்பு நடந்த பின் அதை அடக்கும் முறையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு எதையும் காட்டவில்லை. வேறுபாடு முழுவதும் குறும்பு நடப்பதற்கு முந்தைய நிமிடங்களில் இருந்தது. நல்ல வகுப்பின் ஆசிரியருக்கு அறையின் எல்லா மூலைகளிலும் என்ன நடக்கிறது என்பது தெரிந்திருந்தது. அவருக்குத் தெரியும் என்பது மாணவர்களுக்கும் தெரிந்திருந்தது. ஒரே நேரத்தில் இரண்டு வேலைகளை அவரால் கவனிக்க முடிந்தது. ஒரு செயலிலிருந்து அடுத்த செயலுக்கு அவர் போனபோது பாடம் அறுந்துபோகவில்லை. யாரை எப்போது கேட்பார் என்று ஊகிக்க முடியாததால் எல்லோரும் விழிப்பாக இருந்தார்கள்.

ஒன்பது ஆண்டுகள் கழித்து, லண்டனில் மைக்கேல் ரட்டரும் அவரது குழுவினரும் நகரின் ஏழ்மையான உட்பகுதியிலுள்ள பன்னிரண்டு மேல்நிலைப் பள்ளிகளை ஆராய்ந்து ‘பதினைந்தாயிரம் மணி நேரம்’ என்ற பொருள்படும் தலைப்பில் தங்கள் முடிவுகளை வெளியிட்டார்கள். ஒரு குழந்தை பள்ளியில் கழிக்கும் மொத்த நேரமே அந்தத் தலைப்பு. ஒரே மாதிரியான குடும்பங்களிலிருந்து வந்த பிள்ளைகள் ஒரு பள்ளியில் நல்லபடியாகவும் இன்னொரு பள்ளியில் அடங்காமலும் இருந்தார்கள். தண்டனை எவ்வளவு கொடுக்கப்பட்டது என்பதற்கும் மாணவர் நடத்தைக்கும் பெரிய தொடர்பு தென்படவில்லை. பாராட்டு அதிகமாக இருந்த பள்ளிகளில், வகுப்பு நேரம் பாடத்துக்கே செலவான பள்ளிகளில், மாணவருக்குப் பொறுப்பு கொடுத்த பள்ளிகளில் நடத்தை சீராக இருந்தது. ‘பிள்ளைங்க வர்ற இடம் அப்படி, நாம என்ன செய்ய முடியும்’ என்று சொல்லிக் கைகழுவும் வழக்கத்துக்கு இந்த ஆய்வு நேரடியான மறுப்பு. குடும்பச் சூழல் முக்கியம்தான். ஆனால் அந்தச் சூழலைக் கடந்தும் பள்ளி வேறுபாட்டை உண்டாக்குகிறது என்பதே அதன் பொருள்.

இந்த முடிவுகள் நம் வகுப்பறைக்கு அந்நியமானவை அல்ல. மணி அடித்துப் பத்து நிமிடம் கழித்து ஆசிரியர் உள்ளே வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பத்து நிமிடத்துக்கு வகுப்பு லீடர் ஒருவர் கரும்பலகையில் ‘பேசுவோர்’ என்று தலைப்புப் போட்டுப் பெயர் எழுதிக்கொண்டிருப்பார். வேண்டாதவன் பெயருக்குப் பக்கத்தில் பெருக்கல் குறிகள் கூடும். நண்பன் பெயர் அழிக்கப்படும். ஆசிரியர் வந்ததும் பட்டியலில் இருப்பவர்கள் எழுந்து நிற்பார்கள், அடியோ திட்டோ விழும், அதற்கு இன்னும் ஐந்து நிமிடம். பாட வேளையின் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. ஒருவரும் எதையும் கற்கவில்லை. யார் கையில் அதிகாரம் இருக்கிறது என்பதை மட்டும் எல்லோரும் கற்றுக்கொண்டார்கள். மூத்த மாணவனைக் கொண்டு மற்றவர்களை நடத்தும் சட்டாம்பிள்ளை முறை நம் திண்ணைப் பள்ளிகளில் இருந்தது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் சென்னையில் அநாதைச் சிறுவர் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல், மாணவரே மாணவருக்குக் கற்பிக்கும் முறையை இங்கிருந்து இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். அங்கே அது ‘மெட்ராஸ் முறை’ என்றே பெயர் பெற்றது. அந்த முறையில் மூத்த மாணவன் முதலில் பாடம் சொல்லிக்கொடுத்தான். இன்றைய லீடரிடமிருந்து அந்த வேலையைப் பறித்துவிட்டுக் காவல் வேலையை மட்டும் மிச்சம் வைத்திருக்கிறோம்.

அதே பத்து நிமிடத்தில், உள்ளே நுழையும் மாணவருக்காகப் பலகையில் ஏற்கெனவே ஒரு கணக்கோ ஒரு படமோ இரண்டு கேள்விகளோ காத்திருந்தால், வகுப்பின் முகமே வேறாக இருக்கும். சீக்கிரம் முடித்துவிட்டவனுக்கு அடுத்து என்ன வேலை என்பது தயாராக இருந்தால் அவன் பக்கத்து இருக்கைக்காரனைச் சீண்டப் போவதில்லை. எட்டாம் வகுப்பில் வரி கூட்டிப் படிக்கத் தெரியாமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் சேட்டைக்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான்: நாற்பது நிமிடம் புரியாத ஒன்றைக் கேட்டுக்கொண்டு அசையாமல் இருப்பது பெரியவர்களாலும் ஆகாத காரியம். அவனைப் பொறுத்தவரை ‘திமிர் பிடித்தவன்’ என்ற பட்டம் ‘படிக்கத் தெரியாதவன்’ என்ற பட்டத்தைவிடக் கௌரவமானது; அதனால் அதையே தேர்ந்துகொள்கிறான். அவனை வெளியே நிறுத்தும் ஆசிரியர் அவன் எதிலிருந்து தப்ப நினைத்தானோ அதிலிருந்து அவனை விடுவித்துவிடுகிறார். வகுப்பை நடத்துவது தனித் திறமை என்றும், பாடம் நடத்துவது வேறு திறமை என்றும் நினைத்துப் பழகிவிட்டோம். நல்ல ஆசிரியர்களிடம் இரண்டும் ஒரே வேலையாகவே இருக்கின்றன.

கல்வராயன் மலையில் இந்த வாதம் இன்னும் கூர்மையடைகிறது. ஜாகீர்தார்களின் பிடியில் இருந்த இம்மலை 1976இல்தான் முழுமையாக அரசின் நிர்வாகத்துக்குள் வந்தது. நாடு விடுதலை அடைந்து ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழித்து! ஆகவே மலையாளிப் பழங்குடி மக்களில் பல குடும்பங்களுக்குப் பள்ளி என்பது இரண்டு தலைமுறைப் பழக்கம்கூட இல்லை. மரவள்ளியும் சாமையும் மட்டும் ஆண்டு முழுக்கச் சோறு போடுவதில்லை. மிளகு பறிக்கக் கேரளத்துக்கும் காபித் தோட்ட வேலைக்குக் கர்நாடகத்துக்கும் பெற்றோர் போய்விடுகிறார்கள். ஆந்திரக் காடுகளில் செம்மரம் வெட்ட அழைத்துச் செல்லப்பட்டுச் சிறையில் கிடப்பவர்களின் குடும்பங்களும் மலையில் உண்டு. பிள்ளை தாத்தா பாட்டியிடமோ அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளியிலோ விடப்படுகிறது. சமவெளியில் சாதாரணமாகக் கையாளப்படும் தண்டனைகள் ஒவ்வொன்றும் இங்கே என்ன ஆகின்றன என்று யோசிக்க வேண்டும். ‘நாளைக்கு அப்பாவைக் கூட்டிட்டு வா’ என்பது கள்ளக்குறிச்சி நகரத்தில் ஓர் எச்சரிக்கை. அப்பா வயநாட்டுப் பக்கம் எங்கோ இருக்கும் பிள்ளைக்கு அது, இனி பள்ளிக்கு வராதே என்ற கட்டளை. அவன் அப்பாவைக் கொண்டுவர மாட்டான். தானும் வர மாட்டான். ‘வெளியே போய் நில்’ என்றால் கீழே நகரத்துப் பையன் வராந்தாவில் நிற்பான். மலைப் பையனுக்கு வராந்தாவுக்கு அப்பால் காடும் ஓடையும் வீட்டுக்குப் போகும் ஒற்றையடிப் பாதையும் இருக்கின்றன. ‘டி.சி. கொடுத்துவிடுவேன்’ என்ற மிரட்டலைக் கேட்டு நடுங்க, பள்ளி விட்டால் கதியில்லை என்ற எண்ணம் முதலில் வேண்டும். அடுத்த பருவத்தில் தோட்ட வேலைக்குப் போனால் கையில் காசு என்ற வழி திறந்திருக்கும் பதினான்கு வயதுப் பிள்ளையைப் பொறுத்தவரை அந்த மிரட்டல் ஒரு யோசனையாகவே போய்ச் சேரும். பெண் பிள்ளையாக இருந்தால் அது சீக்கிரக் கல்யாணத்தில் போய் முடியவும் கூடும்.

உண்டு உறைவிடப் பள்ளிகளின் நிலை இன்னொரு வகையில் கடினமானது. அங்கே மாலை மணி அடித்தாலும் குழந்தை பள்ளியைவிட்டுப் போவதில்லை. பகலில் வகுப்பில் அவமானப்பட்ட பிள்ளை, அதே சுற்றுச்சுவருக்குள், அதைப் பார்த்துக்கொண்டிருந்த அதே தோழர்களோடு சாப்பிட்டுத் தூங்க வேண்டும். விடுதிக் காப்பாளர் பொறுப்பும் பல இடங்களில் ஆசிரியர் தலையிலேயே விழுகிறது. அரிசிக் கணக்கும் பாடத்திட்டமும் ஒரே ஆளின் வேலையாகும்போது பொறுமை முதலில் தீர்ந்துபோகும். அதைக் குற்றமாகப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. ஆனால் வீட்டின் இடத்தில் பள்ளி நிற்கும்போது, வீட்டில் யாராவது ஒருவரிடம் கிடைக்கும் ஆறுதலும் அங்கேயே கிடைத்தாக வேண்டும். தண்டிப்பவரும் ஆறுதல் சொல்பவரும் முறையிடப்பட வேண்டியவரும் ஒருவரே என்ற அமைப்பில், 14417 என்ற உதவி எண்ணைச் சுவரில் எழுதிவைப்பது போதாது. அந்த எண்ணுக்கு அழைக்க ஒரு தொலைபேசியும், அது வேலை செய்யச் சிக்னலும், பேசுவதற்கு யாரும் ஒட்டுக் கேட்காத ஓர் இடமும் அந்தக் குழந்தைக்கு வேண்டும்.

இனி ஆசிரியர் எண்ணிக்கைக்கு வருவோம். கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி அறுபது பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள் போதும். சிதறிக் கிடக்கும் மலைக் கிராமங்களின் பள்ளிகள் பெரும்பாலும் இந்த வரம்புக்குள் அடங்குபவை. அதாவது ஐந்து வகுப்புகளுக்கு இருவர். ஒருவர் கூட்டத்துக்கோ பயிற்சிக்கோ கீழே இறங்கிவிட்டால் ஐந்துக்கும் ஒருவர். மூன்றாம் வகுப்புக்குப் பாடம் நடக்கும்போது மற்ற நான்கு வகுப்புகளும் சும்மா இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கும் ஏற்பாடு, பிரம்பையோ லீடரையோ கேட்காமல் இருக்காது. இந்தச் சிக்கலுக்குத் தமிழ்நாடு ஒருமுறை நல்ல விடை கண்டுபிடித்தது. ஆந்திரத்தின் ரிஷிவேலிப் பள்ளியின் அனுபவத்திலிருந்து எடுத்து, 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் எம்.பி.விஜயகுமார் தொடங்கிவைத்த செயல்வழிக் கற்றல் அது. பின்னர் மாநிலம் முழுக்கப் பரவிய அந்த முறையில், குழந்தைகள் பாயில் வட்டமாக உட்கார்ந்து அட்டைகளை வைத்துத் தத்தம் வேகத்தில் கற்றல் ஏணியின் படிகளில் ஏறினார்கள். சுவரின் கீழ்ப்பகுதியில் ஒவ்வொருவருக்கும் ஒரு கரும்பலகை. ஆசிரியரும் தரையில். ‘சத்தம் போடாதே’ என்ற சொல்லுக்கு அங்கே வேலை குறைந்தது. பேசிக்கொண்டே வேலை செய்வதுதான் அங்கே ஒழுங்கு. அட்டைகள் கிழிந்ததும், படிவங்கள் பெருகியதும், ஆசிரியருக்கு அதன் மீது நம்பிக்கை குறைந்ததும் உண்மைதான். இருந்தாலும் பிரம்பில்லாத பல்நிலை வகுப்பு சாத்தியம் என்பதை ஒரு மாநில அரசே லட்சக்கணக்கான பிள்ளைகளோடு செய்துபார்த்தது. 2022இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டம் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலைக்கேற்பப் பிரிப்பதும் இதே திசையில்தான். இருவர் மட்டுமே இருக்கும் பள்ளியில் அதையும் ஓட வைப்பது கடினம். செயலியில் வருகைப் பதிவு ஏற்றச் சிக்னல் தேடிப் பாடத்தை நிறுத்த வேண்டியிருக்கும் மலையில் இன்னும் கடினம். பாடம் அறுந்துபோகும் இடங்களில்தான் ஒழுங்கு உடைகிறது என்று கூனின் கண்டார். நம் பள்ளிகளில் பாடத்தை அடிக்கடி அறுப்பது கல்வித் துறையே.

மறுப்புகளுக்கு வருகிறேன். ‘ஆசிரியரின் கையைக் கட்டிவிட்டீர்கள், ஒரு வார்த்தை கண்டித்தாலும் வழக்கு வருகிறது’ என்ற குரல் கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் மற்ற இடங்களைவிட உரக்க ஒலிப்பதற்குக் காரணம் உண்டு. 2022 ஜூலையில் சின்னசேலத்தை அடுத்த கனியாமூரில் ஒரு தனியார் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவி ஒருவர் இறந்தார். நான்கு நாள் கழித்து, ஜூலை 17 அன்று, திரண்டு வந்த கூட்டம் பள்ளியைச் சூறையாடியது; பேருந்துகள் எரிந்தன, மாணவர்களின் சான்றிதழ்களும் எரிந்தன. மாணவியின் மரணம் தொடர்பாகக் கைதான ஐவரில் இருவர் ஆசிரியர்கள். ஆகஸ்டில் பிணை வழங்கிய உயர் நீதிமன்றம், நன்றாகப் படி என்று மாணவரிடம் சொல்வதும் பாடத்தைச் சொல்லச் சொல்வதும் கற்பித்தலின் பகுதி, அது தற்கொலைக்குத் தூண்டுதல் ஆகாது என்று கருத்துரைத்தது. அந்த மரணத்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்வது இந்தக் கட்டுரையின் வேலை அல்ல. அதன் பிறகு ஆசிரியர்களிடம் படிந்த பயத்தைப் பற்றியே இங்கே பேச்சு, அந்தப் பயம் உண்மையானது. ‘எதற்கு வம்பு’ என்று கண்டும் காணாமல் இருக்கும் ஆசிரியர், அடிக்கும் ஆசிரியரைப் போலவே மாணவரைக் கைவிடுகிறார். ஆனால் சட்டம் கண்டிப்பைத் தடுக்கவில்லை. ராஜஸ்தான் வழக்கு ஒன்றில் 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. ஒழுங்கீனத்துக்காக மாணவரைக் கண்டிப்பதும், தொடர்ந்தால் தலைமை ஆசிரியர் வழியாகப் பெற்றோருக்குத் தெரிவிப்பதும் ஆசிரியரின் கடமைக்குள் அடங்கும். உடல் தண்டனைக்குச் சட்டத்தில் இடமில்லை என்பதற்காக ஒழுங்கீனத்தைக் கண்மூடி விட்டுவிட வேண்டியதில்லை என்பது அதன் சாரம். ஆக, எல்லைக்கோடு தெளிவாகவே இருக்கிறது. அந்தக் கோட்டை நடைமுறையாக எழுதி ஆசிரியர் கையில் கொடுக்க வேண்டியது துறை. முதலில் தனியே பேசுவது, அடுத்து யாரிடம் சொல்வது, எதைப் பதிவுசெய்வது, எப்போது பெற்றோரைத் தேடிப் போவது என்ற வரிசை எழுத்தில் இருந்தால், அதைப் பின்பற்றியவருக்குத் துறை துணை நிற்கும் என்ற உறுதியும் இருந்தால், பயம் பாதியாகும்.

இரண்டாவது மறுப்பு கனமானது. பாட ஆயத்தமும் பாராட்டும் ஏழு வயதுக் குழந்தைக்குப் போதும். பையில் அரிவாளோடு வரும் பதினாறு வயதுப் பையனை என்ன செய்வது? 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் சக மாணவர்களே வீடு புகுந்து ஒரு பட்டியல் சாதி மாணவரையும் அவரது தங்கையையும் வெட்டிய கொடுமைக்குப் பிறகு இந்தக் கேள்வியை யாரும் லேசாகத் தள்ள முடியாது. அதற்காக அமைக்கப்பட்ட நீதிபதி கே.சந்துரு குழு 2024 ஜூனில் அளித்த அறிக்கையில், சாதி அடையாளக் கயிறுகளைத் தடுப்பதோடு மாணவர் நலனைக் கவனிக்கத் தனி அலுவலர்களையும் பரிந்துரைத்தது. குற்றம் குற்றம்தான்; அதற்குக் காவல் துறையும் சிறார் நீதிச் சட்டமும் இருக்கின்றன. அதை வகுப்பறைத் தண்டனையால் தீர்க்க முடியும் என்பதே பிழையான கணக்கு. பிரம்படி எந்தச் சாதிவெறியையும் இறக்கியதில்லை. பலமுள்ளவன் பலமில்லாதவனை அடிக்கலாம், அவமானம் ஓர் ஆயுதம் என்ற பாடத்தைப் பள்ளியே தினமும் நடத்திக்காட்டிவிட்டு, அதை மாணவன் தெருவில் பயன்படுத்தும்போது நாம் திகைக்கிறோம். வகுப்பில் யார் யாரோடு உட்காருகிறார்கள், யார் பெயரைச் சொல்லி யார் சிரிக்கிறார்கள் என்று முன்கூட்டியே பார்க்கத் தெரிந்த ஆசிரியர், கயிற்றின் நிறம் தகராறாக மாறுவதற்குள் தலையிட முடியும். கூனின் சொன்ன விழிப்பு இங்கேதான் உயிர்காக்கும் திறமையாகிறது.

கண்டிப்பான தனியார் உறைவிடப் பள்ளிகள் மதிப்பெண் குவிக்கவில்லையா என்று கேட்பவர்களும் உண்டு. குவிக்கின்றன. அங்கே யார் சேர்க்கப்படுகிறார்கள், யார் நடுவில் அனுப்பப்படுகிறார்கள், ஒரு நாளில் எத்தனை மணி நேரம் படிக்க வைக்கப்படுகிறார்கள் என்பவற்றைக் கழித்துவிட்டு மிச்சமுள்ளதைத்தான் கண்டிப்பின் பலன் என்று எண்ணலாம். எல்லாப் பிள்ளைகளையும் ஏற்கக் கடமைப்பட்ட அரசுப் பள்ளிக்கு, வேண்டாதவரை அனுப்பிவிடும் பள்ளி முன்மாதிரியாக இருக்க முடியாது.

பெற்றோரே அடிக்கச் சொல்கிறார்கள் என்ற வாதத்தை நான் வேறு விதமாகப் புரிந்துகொள்கிறேன். தோலை உரிக்கச் சொல்லும் தகப்பன், உண்மையில் தன் பிள்ளையைக் கைவிட்டுவிடாதீர்கள் என்று கேட்கிறான். எழுதப் படிக்கத் தெரியாத ஒருவர் பள்ளியிடம் கேட்கத் தெரிந்த ஒரே அக்கறை அதுதான், ஏனென்றால் அவர் பார்த்த பள்ளி அதை மட்டுமே காட்டியது. பிள்ளை எந்தப் பாடத்தில் எங்கே நிற்கிறது என்று மாதம் ஒருமுறை அவரிடம் சொன்னால், அதுவும் அவர் வேலைக்குக் கிளம்புவதற்கு முன்பான மாதங்களில் கிராமத்துக்கே போய்ச் சொன்னால், அவர் கேட்பதும் மாறும். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தை மிளகு பருவத்தில் கூட்டிவிட்டு, மலைப் பெற்றோருக்கு அக்கறை இல்லை என்று குறிப்பேட்டில் எழுதுவது அநியாயம். கருணாபுரத்தில் பெற்றோரை இழந்த பிள்ளைகளின் கல்விச் செலவை ஏற்பதாக அரசு அறிவித்தது. பெற்றோர் இருவரையும் இழந்தவர்களுக்கு மாதம் 5,000 ரூபாயும் தருவதாகச் சொன்னது. அது செய்யப்பட வேண்டியதுதான். அந்தப் பிள்ளைகள் எந்த வகுப்பில் எந்த வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள், இந்த வாரம் ஏன் வீட்டுப்பாடம் செய்யவில்லை, ஏன் ஒருவன் திடீரென்று பக்கத்துப் பையனை அடித்தான் என்பதை அறிந்த ஓர் ஆசிரியர் தொடர்ந்து இருப்பதை எந்த உதவித்தொகையும் ஈடுசெய்யாது.

தொடர்ந்து இருப்பது என்ற இடத்தில்தான் மலை தோற்கிறது. ஒரு பிள்ளையின் சேட்டைக்குப் பின்னால் இருப்பதைப் புரிந்துகொள்ள ஓர் ஆசிரியருக்கு ஒரு முழு ஆண்டாவது தேவை. மலையிலிருந்து கீழே இறங்குவதையே இலக்காகக் கொண்டு சுழலும் மாறுதல் முறையில், புரிந்துகொண்டவர் போய்விடுகிறார். புதியவர் மறுபடி பிரம்பிலிருந்தோ அலட்சியத்திலிருந்தோ தொடங்குகிறார். மலைப்படி கொடுப்பது போதவில்லை என்பது தெரிந்துவிட்டது. தங்கக் குடியிருப்பு வேண்டும். குறைந்தது மூன்று கல்வியாண்டு அங்கே பணியாற்றியவருக்கு அடுத்து அவர் கேட்கும் இடம் உறுதி என்ற வாக்குறுதி வேண்டும். ஆசிரியர் பட்டயமும் பட்டமும் முடித்த மலையாளிச் சமூக இளைஞர்களை அதே மலையில் பணியமர்த்தும் சிறப்பு ஏற்பாடு வேண்டும். அறுபது பிள்ளைக்கு இருவர் என்ற கணக்கை மலைப் பள்ளிகளுக்கு மூவர் என்று மாநில அரசு தன் செலவில் உயர்த்த வேண்டும். சட்டம் சொல்வது குறைந்தபட்சம், உச்சவரம்பு அல்ல. உறைவிடப் பள்ளிகளில் காப்பாளர் பணியை ஆசிரியரிடமிருந்து பிரிக்க வேண்டும். வகுப்பறை மேலாண்மைப் பயிற்சியை அரங்கில் உரையாகக் கொடுக்காமல், ஒருவர் வகுப்பை இன்னொருவர் பின்வரிசையில் உட்கார்ந்து பார்த்துப் பேசும் வழக்கமாகக் குறுவள மையங்களில் தொடங்க வேண்டும். அதற்குப் பெரிய நிதியும் தேவையில்லை.

கல்வராயன் மலையின் ஒவ்வொரு பள்ளியிலும் எந்த வகுப்புக்கு ஆசிரியர் இல்லை, எத்தனை நாளாக இல்லை என்ற பட்டியலை, ஜூன் மாதம் பள்ளி திறக்கும் நாளிலேயே மாவட்ட நிர்வாகம் வெளியிட வேண்டும். மலை மக்களின் நிலையைக் கேட்ட உயர் நீதிமன்றத்தின் முன்பும், பள்ளித் தண்டனையை ஒழிக்கச் சொன்ன உத்தரவின் நடைமுறை அறிக்கையோடு சேர்த்து, அந்தப் பட்டியலை அரசு வைக்க வேண்டும்.